பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா? பெற்றோர் கவனத்திற்கு

தமிழகத்தில் 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு இந்த அறிவிப்பு வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரும் சுமை என்று கல்வியாளர்கள் பலர் சொல்லி வந்தார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நூறு சதவீதத் தேர்ச்சியையும் மாநில ரேங்க்கையும் குறிவைத்த பல தனியார் பள்ளிகள் அப்போது பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடமும் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். மதிப்பெண் வந்தது. கல்லூரிக்குப் போன பிறகுதான் பிள்ளைகள் தடுமாறினார்கள். பொறியியல் முதலாண்டுக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் அடித்தளம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. நீட் வந்ததும் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அதில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் சேர்ந்தே வருகிறது.

ஆகவே 2017-ல் ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் உயர்கல்விக்குச் சேரும் என்று முதலில் சொன்னவர்கள், அதே ஆண்டிலேயே பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். தேர்வின் பாதி வலு அங்கேயே போய்விட்டது என்பது நம் கருத்து.

ஆசிரியர்களிடையே இன்றும் இரு தரப்பு உண்டு. தேர்வு இருந்தால்தான் நிர்வாகம் பாடம் நடத்த விடும் என்பவர்கள் ஒரு பக்கம். பாடம் நடத்தாத பள்ளியைக் கண்காணிப்பது கல்வித்துறையின் வேலை, அதற்குப் பிள்ளையின் தலையில் இன்னொரு தேர்வா என்று கேட்பவர்கள் மறுபக்கம். இவர்கள் கேட்பதே சரியென்று நமக்குப் படுகிறது. ஆனால் அந்தக் கண்காணிப்பு ஒழுங்காக நடக்கும் வரை பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளையின் இயற்பியல் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இயக்கவியல் இருக்க வேண்டிய இடத்தில் நிலை மின்னியல் இருந்தால் பள்ளி பிளஸ் டூவுக்குத் தாவிவிட்டது என்று பொருள். (அதையே பெருமையாகச் சொல்லும் பெற்றோரும் உண்டு!) காலாண்டுத் தேர்வு வினாத்தாளும் உண்மையைச் சொல்லிவிடும். முதலில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால், நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள்.