கோட்டை முதல் கணினி வரை: காப்பீட்டு ஒப்பந்தமும் வாய்மையும்

வாணிபத்தில் இழப்பு புதிதன்று. அன்று புயல் கப்பலைக் கவிழ்த்தது. இன்று எங்கோ இருக்கும் ஒருவன் கடையின் கணக்கேட்டையும் வாடிக்கையாளர் விவரங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறான். இதனால் ‘இணையப் பொறுப்புக் காப்பீடு’ எடுக்கலாமா என்று நம் சிறு வணிகர்கள் பலர் வினவுகின்றனர். விடை தேடுமுன், இந்த ஒப்பந்தம் கடந்துவந்த பாதையை அறிவது பயன் தரும்.

1760ஆம் ஆண்டில் சுமத்திராத் தீவின் பென்கூலனில் இருந்த ஆங்கிலேயரின் மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. அதன் ஆளுநர் கார்ட்டர், கோட்டை அந்நியர் கையில் விழுந்தால் ஈடு பெறும்படி இலண்டனில் காப்பீடு செய்திருந்தார். கோட்டையின் பலவீனத்தை அவர் மறைத்தார் என்று காப்பீட்டாளர் வழக்காடினார். 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு கார்ட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆயினும் அத்தீர்ப்பில் அவர் வகுத்த நெறியே நிலைத்தது: காப்பீட்டில் இரு தரப்பாரும் தாம் அறிந்த முக்கியச் செய்தியை மறைக்கலாகாது.

இஸ்லாமிய உலகில் இவ்வொப்பந்தம் வேறொரு கேள்வியை எழுப்பியது. 1836இல் மறைந்த திமிஷ்கு நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), கடல் வணிகர்கள் ‘சவ்கரா’ என்ற பெயரில் கட்டணம் செலுத்திவந்த வழக்கத்தை ஆராய்ந்தார். தன் மீது கடமையாகாத ஒன்றை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு அது என்று கூறி, அதன் வழியே ஈட்டுத்தொகை பெறுவது கூடாது என்றார். பின்வந்த அறிஞர் பலர் வணிகக் காப்பீட்டில் வட்டி, சூது, ‘ஃகரர்’ எனப்படும் நிச்சயமின்மை ஆகியவை கலந்திருப்பதைச் சுட்டினர். முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற சிலர் அதனை அனுமதித்தனர். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் பேரவை, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டைத் தடுத்து, கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. அதற்கு முன்பே 1979இல் சூடானில் முதல் தகாஃபுல் நிறுவனம் தோன்றியிருந்தது. மலேசியா 1984இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. பலரும் நன்கொடையாக இட்ட பொதுநிதியிலிருந்து, இழந்தவரின் சுமையைப் பகிர்வதே இம்முறையின் அடிப்படை.

1997 அளவில் இணையப் பாதுகாப்புக்கான தனிப் பாலிசி அமெரிக்காவில் அறிமுகமானது. தொடக்கத்தில் அது பிறர் நம்மீது தொடுக்கும் கோரிக்கைகளையே முதன்மையாகக் கருதியது. தகவல் கசிந்தால் உரியவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற கலிஃபோர்னியாச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு, ஆய்வு, வழக்கு என்று செலவுகள் பெருகின. 2013இல் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவுபோயின. கள்வர் நுழைந்த வாசல், அக்கடைகளுக்குக் குளிர்சாதனப் பணி செய்த ஒரு சிறிய நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட கடவுச்சொல். சிறியவர் என்பதால் ஒருவரும் தப்புவதில்லை என்பதை உலகம் அன்று கண்டது.

2017இல் ‘நாட்பெட்யா’ என்னும் தீநிரல் உக்ரைனிலிருந்து உலகெங்கும் பரவியது. மெர்க் மருந்து நிறுவனம் தன் சொத்துக் காப்பீட்டின்கீழ் 140 கோடி டாலர் அளவு ஈடு கோரியது. இது போர்ச்செயல், போருக்குப் பாலிசியில் விலக்கு உண்டு என்று காப்பீட்டாளர்கள் மறுத்தனர். 2023இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மெர்க் பக்கம் நின்றது. அதே ஆண்டு முதல், அரசுகளின் ஆதரவோடு நிகழும் இணையத் தாக்குதல்களுக்கான விலக்கைத் தனி இணையப் பாலிசிகளில் எழுதவேண்டும் என்று இலண்டனின் லாய்ட்ஸ் சந்தை விதித்தது.

சிறு வணிகருக்கு நேரடிப் பாடம் 2022இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கிடைத்தது. கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் கையாள்வதாக விண்ணப்பத்தில் உறுதியளித்திருந்த ஒரு மின்னணு உற்பத்தி நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளானது. அச்சரிபார்ப்பு தீச்சுவருக்கு மட்டுமே இருந்தது, ஏனையவற்றுக்கு இல்லை என்று கூறிக் காப்பீட்டாளர் வழக்குத் தொடுத்தார். இறுதியில் இரு தரப்பு ஒப்புதலோடு அந்தப் பாலிசியே செல்லாததாயிற்று. பிரீமியம் கட்டியிருந்தும், தேவைப்பட்ட வேளையில் காப்பு இல்லை.

மான்ஸ்ஃபீல்டு சொன்ன நெறியை நாம் அவருக்கும் முன்பே அறிவோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குறையை மறைத்து விற்றவரைக் கண்டித்த செய்தி நம் பிள்ளைகளும் அறிந்ததே. விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று குறிக்கும் ஒவ்வொரு கட்டமும் அத்தகைய குவியலே.

ஆகவே, வணிகச் சகோதரர்களே, எந்த முறையைத் தேர்வது என்பதை நம்பகமான மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளியுங்கள். பின்னர் ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள். போலி மின்னஞ்சலை நம்பி நாமே அனுப்பிய பணத்துக்கு ஈடு உண்டா? அதற்கு எவ்வளவு உச்சவரம்பு? இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு இடமளிக்கிறது. அத்தகைய அபராதம் பாலிசிக்குள் அடங்குமா? விடைகளை எழுத்தில் பெறுங்கள். கணக்குகளின் நகலை இணையத்தோடு இணையாத இடத்தில் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.