பேனா ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம்

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 கணினியின் திரைமீதே ஒளிப்பேனாவை வைத்துக் கோடு இழுக்கலாம். இழுத்த இடத்திலேயே கோடு தெரியும். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் ராண்ட் நிறுவனம் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கொண்டுவந்தது. மேசைமேல் படுத்திருக்கும் பத்துக்குப் பத்து அங்குலப் பலகை, அதன்மேல் பேனா, கோடு தெரிவதோ எதிரே நிற்கும் திரையில். பலகைக்குள் அங்குலத்துக்கு நூறு வீதம் செப்புக் கோடுகள் ஓடின. விலை 18,000 டாலர்.

எழுதும் இடத்திலேயே பார்ப்பதா, ஓரிடத்தில் எழுதி வேறோரிடத்தில் பார்ப்பதா என்ற வழக்கு அன்று தொடங்கியது. இன்னும் தீரவில்லை. இன்று கடையில் அது இரண்டு பெட்டிகளாக நிற்கிறது: திரை உள்ள பென் டிஸ்ப்ளே, திரை இல்லாத பேனா டேப்லெட். காசு இருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது என்பது பொதுவான பேச்சு. தமிழ் லெட்டரிங் செய்கிறவருக்கு இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. போட்டோ திருத்துகிறவருக்கு அதில் உண்மையே இல்லை என்பது என் கட்சி.

இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 1983-இல் ஜப்பானின் சைதாமாவில் தொடங்கிய வாகாம் நிறுவனம் பேட்டரி இல்லாத பேனாவைப் பரவலாக்கியது. பலகையில் ஓடும் கம்பி வலை ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது எல்லாம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். முனை தொடாமல் சில மில்லிமீட்டர் மேலே மிதந்தாலும் கர்சர் கூடவே நகர்வது இதனால்தான். பென் டிஸ்ப்ளேயில் இதே வலை எல்சிடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். இன்று ஹூயான், எக்ஸ்பி-பென் பேனாக்களுக்கும் பேட்டரி கிடையாது. 2015-இல் வந்த ஆப்பிள் பென்சில் வேறு சாதி; அதற்குச் சார்ஜ் போட வேண்டும். ஐபேட் கதை தனிக் கதை, இங்கே வேண்டாம்.

முதலில் எழுத்து. கல்யாணப் பத்திரிகைக்கோ சினிமாத் தலைப்புக்கோ பிரஷ் பாணியில் எழுதுகிறவருக்குக் கோட்டை இழுக்கும்போது கண் அவ்வளவாகத் தேவைப்படாது. பழகிய பாதையில் கை தானாகப் போய்விடும். தொல்லை எல்லாம் கோடு தொடங்கும் இடத்தில்தான். ஆங்கிலக் கூட்டெழுத்தில் பேனாவை வைத்தால் ஒரு சொல் முடியும்வரை எடுக்காமலே எழுதிவிடலாம். தமிழில் ‘கொண்டாட்டம்’ எழுதிப் பாருங்கள். கொம்பு தனி, க தனி, கால் தனி. பிறகு ண, அதன் தலையில் புள்ளி. ட, கால், இன்னொரு ட, அதற்கொரு புள்ளி, மறுபடி ட, கடைசியில் ம, அதற்கும் புள்ளி. எவ்வளவு சிக்கனமாக எழுதினாலும் பேனா பன்னிரண்டு முறை இறங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில்.

திரை இல்லாத பலகையில் இந்த இறக்கம் லேசில் வராது. பேனாவை மிதக்கவிட்டு, கர்சர் எங்கே நிற்கிறதென்று மானிட்டரில் பார்த்து, பிறகு அழுத்த வேண்டும். அந்தக் கணநேரத் தயக்கம் கோட்டின் தலையில் அப்படியே பதிந்துவிடும்: தேவையில்லாத ஒரு மொட்டு, அல்லது சின்ன நடுக்கம். பலகை உடம்புக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருந்தால் வரி முழுக்கச் சரிந்துகொண்டே போகும். பென் டிஸ்ப்ளேயில் புள்ளி வைக்க வேண்டிய இடம் கண்முன்னே இருக்கிறது, வைத்துவிட்டுப் போகலாம்.

இதைவிடக் கள்ளத்தனமான பிசகு ஒன்று உண்டு. வாகாம் இன்டுவோஸ் மீடியத்தில் எழுதும் பரப்பு 216 × 135 மில்லிமீட்டர், அதாவது 16:10. நம் மேசைமேல் நிற்கும் மானிட்டர் பெரும்பாலும் 16:9. டிரைவரை அதன் போக்கில் விட்டால் பலகையின் நாலு மூலையையும் திரையின் நாலு மூலையோடு பொருத்திவிடும். கை வட்டமாகச் சுற்றியது திரையில் அகலவாட்டில் 11 சதவீதம் கூடி, நசுங்கிய வட்டமாக விழும். மலையும் மரமும் வரைகிறவர் இதைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் ஓட்டலாம். சுழியை நம்பி நிற்கும் தமிழ் எழுத்தில் மறைக்க முடியாது. மூன்று சுழி ‘ண’ தரையோடு உட்கார்ந்துவிடும், எழுதியவரோ கை சரியில்லை என்று பயிற்சித் தாள் வாங்கப் போவார். டிரைவர் அமைப்பில் ‘ஃபோர்ஸ் ப்ரபோர்ஷன்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் தீர்ந்தது. பலகையின் ஓரத்தில் பதிமூன்றரை மில்லிமீட்டர் பட்டை வேலைக்கு ஆகாமல் போகும், போகட்டும். பென் டிஸ்ப்ளேயில் எழுதும் பரப்பே திரை என்பதால் இந்த வம்பு எழ வழியில்லை.

அளவும் எழுத்துக்காரரைத்தான் அதிகம் கடிக்கும். இன்டுவோஸ் ஸ்மாலின் அகலம் 152 மில்லிமீட்டர். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 531. கை ஒரு மில்லிமீட்டர் தடுமாறினால் திரையில் மூன்றரை மில்லிமீட்டர். அதோடு, ஸ்மாலில் விரலும் மணிக்கட்டும் மட்டுமே அசைய இடம் இருக்கும். ‘ழ’வின் வாலை முழங்கையிலிருந்து வீசி இழுப்பவருக்கு அது சிறைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, திரை இல்லாத பலகைக்கு ஒரு தந்திரம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பலர் இதை முயன்று பார்ப்பதே இல்லை. மின்காந்தப் புலம் தாளை ஊடுருவும். பென்சிலில் போட்ட மாதிரி வரைவைப் பலகைமேல் டேப் போட்டு ஒட்டி, அதன்மேலேயே டேப்லெட் பேனாவை ஓட்டலாம். கண் தாளில் இருக்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் வரைந்த இடத்திலேயே இறங்கும். கோடு திரையில் சேர்ந்துகொண்டே போகும். முனை பிளாஸ்டிக் என்பதால் தாளில் கறையும் படாது. நிப் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். 2017-இல் வாகாம் ‘இன்டுவோஸ் ப்ரோ பேப்பர் எடிஷன்’ என்று மைப் பேனாவையும் தாள் கவ்வியையும் சேர்த்து விற்றது இதே எண்ணத்தில்தான். சாதாரண பலகையிலும் ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு துண்டு டேப்பும் இந்த வேலையைச் செய்துவிடும். பென் டிஸ்ப்ளேயில் இதைச் செய்தால் தாள் திரையை மறைக்கும், அவ்வளவுதான் மிச்சம்.

பட்டை நிப் வைத்து எழுதும் பாணியில் இரண்டும் ஒரே மாதிரி கை விரிக்கின்றன. சாதாரணப் பேனா சாய்வை உணரும். விரலிடையில் உருள்வதை உணராது. வாகாமின் ஆர்ட் பென் போன்ற தனிப் பேனாவும் அதை ஏற்கும் பலகையும் இருந்தாலொழிய, நிப்பின் கோணத்தைப் பிரஷ் அமைப்பில் ஒரு எண்ணாக நிறுத்திவைத்துத்தான் எழுத வேண்டும். இன்னொன்று ‘ஸ்மூத்திங்’ எனும் கோடு நிதானிப்பு. திரை இல்லாத பலகைக்காரர் நடுக்கத்துக்குப் பயந்து இதை ஏற்றி வைப்பார். சுழி பளிங்குபோல வரும், உயிர் இருக்காது. ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளில் இருக்கும் சொரசொரப்பையும் வெட்டையும் விரும்புகிறவர் அதை முடிந்தவரை தாழ்த்தி வைப்பதே நல்லது. அப்படித் தாழ்த்தி எழுதத் துணிச்சல் தருவதில் பென் டிஸ்ப்ளேதான் முன்னே நிற்கிறது.

போட்டோ வேலைக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இங்கே கோடு இழுப்பதில்லை, தடவுகிறோம். கல்யாண ஆல்பத்தின் ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். புதிய லேயரில் 50 சதவீதச் சாம்பல் நிறத்தை நிரப்பி, ‘சாஃப்ட் லைட்’ முறையில் வைத்து, ஓரம் மங்கிய பிரஷ்ஷின் ஃப்ளோவை இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறக்கி, பேனா அழுத்தத்தோடு அதை இணைத்துவிட வேண்டும். வெள்ளை தொட்ட இடம் வெளுக்கும், கறுப்பு தொட்ட இடம் கருக்கும். கண்ணுக்குக் கீழே விழுந்த நிழலை நாலைந்து தடவலில் கரைக்கலாம். பட்டுப் புடவையின் மடிப்பில் ஜரிகையை இன்னும் ஒரு சொட்டு மின்ன வைக்கலாம். மவுஸில் இது நடக்காது. மவுஸுக்குத் தெரிந்தது அழுத்தியது, விட்டது, இரண்டுதான்.

இந்த வேலையில் பேனா முனை எங்கே நிற்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. முகம் முழுவதும் எப்படி மாறுகிறது என்பதே விஷயம். பென் டிஸ்ப்ளேயில் வலக்கண்ணுக்குக் கீழே தடவும்போது நம் கையே கன்னத்தையும் தாடையையும் மறைத்துக்கொண்டிருக்கும். கையை எடுத்துப் பார்த்த பிறகுதான் ஒரு கன்னம் மட்டும் வெளுத்திருப்பது தெரியும். திரை இல்லாத பலகையில் கை கீழே எங்கோ இருக்கிறது, படம் முழுசாக எதிரே நிற்கிறது. மீடியம்கூட வேண்டாம், ஸ்மால் போதும். நுண்ணிய இடம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிக்கொள்வதால் கைநடுக்கம் இங்கே பிரச்சினை ஆவதில்லை.

நிறம் அடுத்த காரணம். திரை இல்லாத பலகை வாங்கி மிச்சமாகும் பணத்தில், நிறத்தைச் சரியாகக் காட்டும், அளவிட்டுச் சீர்செய்யக்கூடிய ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை வாங்கலாம். அது கண் மட்டத்தில் நேராக நிற்கும். பென் டிஸ்ப்ளே மேசையில் சாய்ந்து கிடக்கும். மேலே எரியும் டியூப்லைட் அதன்மேல் பரவும். பேனா வழுக்காமலிருக்கக் கண்ணாடிமேல் போட்ட சொரசொரப்பு, வெளிறிய தோல் நிறத்தில் மணல் தூவியதுபோல மினுமினுக்கும். 13 அங்குலத் திரையில் ஒரு குரூப் போட்டோவைத் திறந்து, லேயர் பேனலையும் கர்வ்ஸையும் திறந்துவிட்டால் படத்துக்கு மிஞ்சுவது உள்ளங்கை அளவு. பக்கத்தில் நல்ல மானிட்டரை வைத்து நிறத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி அங்கே பார்த்து இங்கே தடவுவதென்றால், திரைக்கென்று கொடுத்த பணம் எதற்கு?

பழைய ஸ்டூடியோ படங்களின் விரிசலை அடைப்பவருக்கும் இதே கதைதான், ஒரு விலக்கோடு. தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரிக்க மாஸ்க்கில் ஒவ்வொரு இழையாக வீசி வரையும்போது வேலை மறுபடியும் எழுத்தின் பக்கம் சாய்கிறது. பேனா இறங்கும் இடம் முக்கியமாகிவிடுகிறது. அந்த வேலை மட்டும் பென் டிஸ்ப்ளேயில் சுகம்.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போடும் அழுத்த அளவுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2,048, 4,096, 8,192, இப்போது 16,384 வரை வந்துவிட்டார்கள். கை அந்த வித்தியாசத்தை உணராது. கை உணர்வது வேறு: எவ்வளவு லேசாகத் தொட்டால் முதல் கோடு விழுகிறது என்பது. அதற்குக் கொஞ்சம் அழுத்தம் கூடத் தேவைப்படும் பேனாவில் ‘இ’யின் மெல்லிய முடிவு பட்டென்று அறுந்துபோகும், தோலைத் தடவும்போது நிழல் படிப்படியாக வராமல் திட்டாக விழும்.

விண்டோஸ்காரர்கள் எதை வாங்கினாலும் முதல் வேலையாக, பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு வளையம் சுழன்று மெல்லிய தடவலை விழுங்குவது அதன் வேலை.

உடம்பு வேறு இருக்கிறது. பென் டிஸ்ப்ளே கழுத்தைக் குனிய வைக்கும். கீபோர்டு இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடக்கையால் பிரஷ் அளவை மாற்றியும் Ctrl+Z தட்டியும் பழகியவர் குறுக்கே கையை நீட்ட வேண்டிவரும். இடக்கைக்காரருக்கு எழுதிய எழுத்தையே கை மூடும் தொல்லையும் சேரும். சதர்லாண்டின் ஒளிப்பேனாவும் உடம்புக்குத் தொல்லைதான், நிமிர்ந்த திரையில் கையைத் தூக்கிப் பிடித்தே வேலை செய்ய வேண்டும்.

ஆகவே, பிரஷ் லெட்டரிங்கே சோறு போடுகிறது என்பவர் பென் டிஸ்ப்ளே வாங்கலாம். 13 அங்குலம் தொடக்கத்துக்குப் போதும். போட்டோ மட்டும் என்றால் திரை இல்லாத ஸ்மாலும் நல்ல மானிட்டரும். இரண்டும் கலந்து செய்கிறவருக்கு, மேசையில் வீசி எழுத இடமிருந்தால், மீடியமும் அந்தத் தாள் தந்திரமும். எழுத்தின் வெளிக்கோட்டை நங்கூரப் புள்ளிகளாக வைத்து வெக்டரில் வளைத்துத் திருத்துகிறவருக்கு எதை வாங்கினாலும் ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் மவுஸ்கூடப் போதும்.

பழையது வாங்குவதானால் பேனாவும் கூடவே வருகிறதா என்று பாருங்கள்; ஒரே நிறுவனத்தின் பேனா என்றாலும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. பிறகு ஒரு ஸ்கேலைக் குறுக்காக வைத்து, அதன் ஓரத்தில் பேனாவை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேகமாக இழுத்தால் எல்லாப் பலகையும் நேர்க்கோடு போடும். மெதுவாக இழுக்கும்போது கோடு பாம்புபோல நெளிந்தால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.