ஸ்கேன் முடிவுக்கான காத்திருப்பும் புற்று மீளும் அச்சமும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

1. அச்சத்தின் இயல்பு

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவரிடம் நோய் திரும்பிவிடுமோ, பரவிவிடுமோ என்று எழும் பயமும் கவலையும் ‘மீள்நோய் அச்சம்’ எனப்படும். 2015இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய வல்லுநர்கள் ஏறக்குறைய இந்தப் பொருளிலேயே அதை வரையறுத்தனர். இந்த அச்சம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மறுபரிசோதனைக்கு நாள் குறித்ததும் தலைதூக்குகிறது. ஸ்கேன் எடுத்த நாளுக்கும் முடிவு தெரியும் நாளுக்கும் இடையில் மிகுகிறது. நல்ல முடிவு வந்தால் தணிந்து, அடுத்த தவணை நெருங்கும்போது திரும்புகிறது.

இந்த அச்சத்தின் ஒரு பகுதி நோயின் தன்மையிலிருந்து பிறக்கிறது. மறுபகுதி, முடிவு தெரிவிக்கப்படும் முறையிலிருந்து பிறக்கிறது. முதற்பகுதியைத் தாங்கப் பழக வேண்டும். மறுபகுதியைக் குறைத்துவிட முடியும். பெரிய மருத்துவமனைகளிலிருந்து தள்ளியிருக்கும் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. பரவலும் அடையாளங்களும்

2022இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 46 ஆய்வுகளிலிருந்து 11,226 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்தது. அச்சத்தை அளக்கும் ஒன்பது வினாக் குறும்பட்டியலில் உச்ச மதிப்பெண் 36. அதில் 13 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் சுமார் 59 விழுக்காடு. 22 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் சுமார் 19 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோருக்கு வரும் ஒன்றை மனவலிமைக் குறைவு என்று சொல்ல இடமில்லை. அதே வேளையில், ஐவரில் ஒருவருக்குத் தேறுதல் மொழி மட்டும் போதாது. முறையான உதவி தேவைப்படுகிறது.

அச்சம் கடுமையாகும்போது அந்த நினைப்பு விடாமல் சுழல்கிறது. உடலின் சிறு வலியும் நோயின் அறிகுறியாகத் தோன்றுகிறது. மகளின் கல்யாணம், வீட்டு வேலை என எதையும் முன்கூட்டித் திட்டமிட மனம் வருவதில்லை. சிலர் கழுத்தையும் மார்பையும் நாளுக்குப் பலமுறை தடவிப் பார்க்கிறார்கள். வேறு சிலர் பரிசோதனைக்கே போகாமல் நாள் கடத்துகிறார்கள். வெளிப்பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும் இவ்விரு நடத்தைகளுக்கும் வேர் ஒன்றே. இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது.

3. காத்திருப்பு ஏன் வதைக்கிறது

லண்டன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 45 பேருக்கு, சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும் வாய்ப்பு மாற்றி மாற்றி அமைக்கப்பட்டது. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்ததைவிட, கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்று சரிபாதியாக இருந்தபோதே மனஅழுத்தம் மிகுந்திருந்தது. மார்பகத் திசு எடுத்துப் பரிசோதித்த பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஐந்து நாள் கழித்தும் முடிவு தெளியாதவர்களின் உமிழ்நீரில் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோல் சுரப்பின் போக்கு, புற்றுநோய் உறுதியானவர்களின் போக்கை ஒத்திருந்தது. கெட்ட செய்தி வராவிட்டாலும், செய்தி தெரியாத நிலையை உடல் ஏறத்தாழ அதுபோலவே சுமக்கிறது.

முடிவு தாமதிப்பதற்கு ஸ்கேனின் தன்மையும் காரணம். பெட்-சிடி ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் ஊசி போடப்படுகிறது. அதை மிகுதியாக உறிஞ்சும் திசுக்கள் படத்தில் ஒளிர்கின்றன. புற்றணுக்கள் மட்டுமல்லாமல் ஆறிவரும் அறுவைப் புண், கதிர்வீச்சுக்குப் பிந்தைய அழற்சி, காசநோய் ஆகியவையும் ஒளிரும். ஆகவே கதிரியல் மருத்துவர் பழைய படங்களோடு ஒப்பிட்ட பிறகே முடிவு எழுத முடியும். ஸ்கேன் எடுக்கும் பணியாளர் பேசாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். முடிவு சொல்வது அவர் பொறுப்பன்று. அவர் முகத்தைப் பார்த்துக் குறி சொல்வதுபோல் முடிவை ஊகிப்பது வீண் வேதனையே தரும்.

4. ஊரும் தொலைவும்

சங்கரன்கோவில் 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. விசைத்தறியும் பூச்சந்தையும் ஊரின் வாழ்வாதாரங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இவ்வட்டார மக்கள் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருநெல்வேலிக்கோ, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மதுரைக்கோ செல்ல வேண்டும். மலை கடந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கோ போவதானால் தொலைவு இன்னும் கூடும். சென்னைக்குப் பொதிகை ரயிலில் ஓர் இரவு முழுக்கப் பயணம்.

ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்று அலைய நேரும்போது, தறி ஓட்டுபவருக்கும் பூ பறிப்பவருக்கும் மூன்று நாள் கூலி போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும் இந்தக் கூலி இழப்பு அதற்குள் வருவதில்லை. ஆகவே இங்கே ‘மறுபடி வந்துருமோ’ என்ற கேள்விக்குள் கடன், பிள்ளைகளின் படிப்பு, உடன் வருபவரின் வேலை ஆகிய கேள்விகளும் அடங்கியிருக்கின்றன.

ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே செல்பேசிக்கு வந்துவிடுவதும் உண்டு. ‘நாட்யூல்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு குடும்பம் இரவெல்லாம் விழித்திருக்கிறது. அச்சொல் சிறு முடிச்சைக் குறிக்கும். நுரையீரலில் காணப்படும் பல முடிச்சுகள் பழைய தொற்றின் தழும்புகளே. இன்னொரு சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. மகன் ரிப்போர்ட்டை ஒளித்துவைத்து, ‘ஒண்ணும் இல்லம்மா’ என்கிறான். அன்பினால் செய்யும் மறைப்பே அது. ஆனால் அந்தத் தாய் மகனின் முகத்தையும் அடக்கிப் பேசும் குரலையும் வைத்து, உண்மையைவிடக் கொடிய ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே முன்னதாகக் கேட்டு, அதன்படி நடப்பதே நலம்.

5. புற்று, புற்றுமண், தபசு

தமிழில் இந்நோயின் பெயரே புற்றை நினைவூட்டுகிறது. வெளியே அடங்கிக் கிடக்கும் புற்றுக்குள் பாம்பு இருக்குமோ என்ற ஐயமும், சிகிச்சை முடிந்த உடலைப் பற்றிய ஐயமும் ஒரே சாயல் கொண்டவை. சங்கரன்கோவிலிலோ புற்று வழிபாட்டுக்குரியது. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணைப் பிணி தீர்க்கும் பிரசாதமாக நெற்றியிலும் உடலிலும் பூசிக்கொள்கிறார்கள். வெள்ளித் தகட்டில் பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். சங்கரனையும் நாராயணனையும் ஓருருவில் காண வேண்டிக் கோமதியம்மன் தவமிருந்ததைக் கொண்டாடுவது ஆடித்தபசு. காத்திருப்பதையே விழாவாக்கிய ஊர் இது.

சமய நம்பிக்கை எல்லா விதத்திலும் ஒன்றுபோல் உதவுவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்டின் ஆய்வுகள் காட்டுகின்றன. தெய்வம் துணை நிற்கிறது என்ற நம்பிக்கை தாங்கும் வலிமையோடு தொடர்புடையது. தெய்வம் தண்டிக்கிறது என்ற நினைப்பு வேதனையோடு தொடர்புடையது. ‘தெய்வக் குத்தம்’ என்று யாரேனும் சொன்னால் நோயாளியின் சுமை இரட்டிக்கிறது. நேர்ச்சையும் விரதமும் கைகளுக்கு ஒரு செயலையும் காத்திருப்புக்கு ஓர் ஒழுங்கையும் தருகின்றன. அந்த அளவில் அவை மருத்துவத்துக்குத் துணை. ஆனால், குறிப்பாகக் கீமோ சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில், புற்றுமண்ணை உட்கொள்வதும் ஆறாத புண்ணில் பூசுவதும் தொற்றுக்கு வழிவகுக்கும். நெற்றியில் இட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

6. தாங்கும் வழிகள்

ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மீள்நோய் அச்சத்துக்கென்றே வகுத்த ஐந்து அமர்வு உளச்சிகிச்சை, தளர்வுப் பயிற்சியைவிட மிகுந்த பலன் தந்தது. பயம் பொய் என்று வாதிட்டு விரட்டுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. பயம் வந்தாலும் கவனத்தைத் திருப்பவும், தமக்கு முக்கியமானவற்றை விடாமல் செய்யவும் அது பழக்கியது.

இதன் சாரத்தை வீட்டிலும் கைக்கொள்ளலாம். கவலைக்கென்று மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, மற்ற வேளைகளில் அது எழும்போது அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம். உடலைத் தடவிப் பார்ப்பதை மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்தலாம். புதிதாக வந்த ஒரு தொல்லை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தவணைக்குக் காத்திராமல் காட்டலாம். இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவற்றுக்கு உடனே போக வேண்டும். கேட்க வேண்டியவற்றை முன்பே எழுதி வைத்துக்கொள்வதும், காத்திருக்கும் நாட்களில் வழக்கமான வேலையை இயன்றவரை விடாமல் செய்வதும் உதவும். தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.

7. மருத்துவ அமைப்பின் கடமை

தேவையற்ற ஸ்கேன் தேவையற்ற அச்சத்தை விளைவிக்கிறது. தொடக்க நிலை மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த 2,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் இத்தாலியில் நடந்த இரு ஆய்வுகள் 1994இல் வெளிவந்தன. அறிகுறி ஏதும் இல்லாதபோது அடிக்கடி ஸ்கேன் எடுப்பது ஆயுளை நீட்டவில்லை என்று இரண்டும் காட்டின. எந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எதற்காக என்பதைச் சிகிச்சை முடியும் நாளிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும்போதே முடிவு சொல்லும் தேதியையும் சொல்பவரையும் குறித்துத் தர வேண்டும். பழைய படங்களைக் கொண்டுவரச் சொன்னால் ஒப்பிடுவது விரைவாகும். முடிவையும் ஆலோசனையையும் ஒரே நாளில் வைத்தால் ஒரு பயணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். நல்ல முடிவைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட முடியும். தீய முடிவை நேரில், உறவினர் ஒருவர் உடனிருக்கச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். ‘அடுத்த செக்கப் எப்போது, மனசு எப்படி இருக்கிறது’ என்ற இரு கேள்விகளை அவர்கள் சேர்த்துக் கேட்டால், பரிசோதனையைத் தவிர்த்து ஒதுங்குபவர்கள் காலத்தே தெரியவருவார்கள்.

நோய் திரும்பாது என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது. முடிவு எந்த நாளில், யாரிடமிருந்து, எந்த மொழியில் வரும் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் உறுதி கூற முடியும். சங்கரன்கோவிலிலிருந்து விடியலில் பேருந்து ஏறும் நோயாளிக்கு அந்த உறுதி சிகிச்சையின் ஒரு பகுதியாகவே தரப்பட வேண்டும்.