எட்டு மாத்திரைக்குப் பிறகு: மாரடைப்பும் மலையூர்க் கொழுப்புக் கணக்கும்

மலையூரான பண்ணைக்காட்டில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மலைப்பாதையைத்தான் நம்ப வேண்டும். வண்டியைக் கொடைக்கானலுக்குத் திருப்பினாலும் வத்தலக்குண்டுக்குத் திருப்பினாலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பெரிய துணையாக 2023 ஜூனில் வந்தது தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் ஒரே தடவையில் கொடுக்கப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. மூன்றாவது, ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை. எட்டும் சேர்ந்து 80 மில்லிகிராம்.

உயிருக்குப் போராடும் நேரத்தில் கொழுப்பு மாத்திரை எதற்கு? மாரடைப்பு பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஸ்டாடின் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.ஐக் குறைப்பதோடு, நாளடைவில் அந்தத் திட்டையும் கெட்டிப்படுத்துகிறது. ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் திறப்பது ஓரிடத்து அடைப்பை மட்டுமே. மற்ற இடங்களில் இருக்கும் திட்டுகளுக்குக் காவல் மாத்திரைதான்.

ஆக, முதல் மணி நேரத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. கை நழுவுவது ஆறாவது வாரம்.

சிகிச்சை தொடங்கி 4 முதல் 6 வாரத்துக்குள் எல்.டி.எல். அளவை மறுபடி பார்க்க வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள். அது டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019இல் சொன்னது. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஆனால் பரிசோதனை நிலையம் தரும் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்.டி.எல். 92 என்று இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் '100க்குள்' என்று அச்சாகியிருக்கும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ கிடையாது. 'நார்மல்தானே' என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள், மாத்திரை நிற்கிறது. அந்தக் கட்டம் மாரடைப்பு வராதவருக்காகப் போட்டது. இன்னொரு சிக்கல், மாரடைப்பு வந்த முதல் நாள் கழிந்ததும் எல்.டி.எல். தானாகவே சற்று இறங்கும். மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் உண்மையைக் குறைத்துக் காட்டும்.

92க்கும் 55க்கும் நடுவே என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். 2004இல் வெளியான 'புரூவ் இட்' ஆய்வில் தீவிர இதய நோய்த் தாக்குதலுக்கு ஆளான 4,162 பேர் இரு பிரிவாகச் சிகிச்சை பெற்றனர். ஒரு பிரிவில் எல்.டி.எல். 95 அளவில் நின்றது. அடோர்வாஸ்டாடின் 80 எடுத்த பிரிவில் 62க்கு இறங்கியது. இரண்டாம் பிரிவில் மரணமும் மறு தாக்குதல்களும் சேர்ந்து 16 விழுக்காடு குறைந்தன. 'நார்மல்' போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஸ்டாடின் மட்டும் போதாவிட்டால் எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பது பலன் தரும் என்பதை 18,144 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது.

காபித் தோட்டச் சரிவில் ஏறி இறங்குபவருக்குக் கால் வலிப்பது இயல்பு. ஆனால் பழி ஸ்டாடின் மாத்திரைமேல் விழுகிறது. 2020இல் வெளியான 'சாம்சன்' ஆய்வில், ஸ்டாடினால் வந்ததாக நோயாளிகள் சொன்ன தொந்தரவில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது. ஆனாலும் வலி என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஊருக்கேற்ற அறிவுரை தேவை. பொடியைப் போட்டுக் கொதிக்கவைத்த காபியில் தங்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்.ஐ ஏற்றும், காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். பெயரில் வெண்ணெய் இருந்தாலும், இம்மலையில் விளையும் வெண்ணெய்ப்பழத்தில் கொலஸ்ட்ரால் இல்லை.

2011இல் வெளியான 'ப்யூர்' ஆய்வு, இந்தியா உள்ளிட்ட குறைந்த வருமான நாடுகளில் இதய நோய், பக்கவாதம் கண்டவர்களில் 3.3 விழுக்காட்டினரே ஸ்டாடின் எடுத்ததைக் காட்டியது. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவரின் ஸ்டாடினும் ஆறாவது வார ரத்தப் பரிசோதனையும் அதே கைகள் வழியே வந்து சேர வேண்டும். அதற்கு, வீடு திரும்பும்போது தரும் சீட்டிலேயே மருத்துவர் இரண்டைப் பெரிதாக எழுதட்டும்: இலக்கு 55, மறுபரிசோதனைத் தேதி.