ஏட்டில் ஏறிய விருது



போர்க்களத்தில் ஒரு வீரன் ஆற்றிய அருஞ்செயலுக்குச் சாட்சி யார்? உடன் நின்ற தோழருள் சிலர் களத்திலேயே மாண்டு போவர். சிலர் திசைக்கொருவராய்ப் பிரிந்து விடுவர். தளபதிகள் மாறுவர். படைப்பிரிவுகளே கலைக்கப்படும். எல்லாம் போன பின்னும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு; அதுவே அவனுடைய சேவைப் பதிவேடு. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டனர். அக்கேள்வி கடனுக்கு மட்டும் அன்று, புகழுக்கும் பொருந்தும். ஏட்டில் ஏறாத விருது பாதி அளிக்கப்பட்ட விருதே ஆகும்.

பதிவேட்டில் நேர்ந்த பிழையைத் திருத்தும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எவ்வாறு அமைந்தது என்பதையும், அந்நாட்டு வீரர் ஒருவரின் பெயர் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு துலங்கியது என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முற்காலத்தில் அந்நாட்டுப் போர்வீரன் ஒருவன் தன் பதிவேட்டைத் திருத்த விரும்பினால், தனக்கெனக் காங்கிரஸ் சபையில் ஒரு தனி மசோதா கொண்டுவரச் செய்ய வேண்டியிருந்தது. எளியவனுக்கு அஃது எட்டாக் கனி. 1946ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இந்நிலையை மாற்றியது. பிழையைத் திருத்தவும் அநீதியைக் களையவும் படைத்துறைச் செயலாளர்களுக்கு அஃது அதிகாரம் அளித்தது. அவர்கள் சீருடை அணியாத குடியியல் அதிகாரிகளைக் கொண்ட வாரியங்களின் வாயிலாகச் செயற்பட வேண்டும் என்றும் விதித்தது. பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் நீதியின் பொருட்டு அக்கெடுவைத் தளர்த்தலாம். வீரன் இறந்துவிட்டால் அவனுடைய மனைவியோ நெருங்கிய உறவினரோ விண்ணப்பிக்கலாம்.

1950 முதல் படையிலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் 214ஆம் எண் படிவத்தில் ஒரு சான்று அளிக்கப்படுகிறது. அவர் பெற்ற பதக்கங்கள் அதில் வரிசையாகக் குறிக்கப்படும். ஏதேனும் ஒன்று விடுபட்டிருந்தால், திருத்தத்தை மட்டும் கூறும் 215ஆம் எண் படிவம் பொதுவாக அதனுடன் இணைக்கப்படும். பார்வைக்குச் சிறு காகிதந்தான். ஆனால், அதனைப் பெறுவதற்குச் சான்று காட்ட வேண்டுமே! 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றியது. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் நூற்றுக்கு 80 அத்தீக்கு இரையாயின. அதன்பின், பழைய சம்பளச் சீட்டுகளையும் படைப்பிரிவுகளின் அன்றாடக் குறிப்புகளையும் தேடியெடுத்து, ஒரு மனிதனின் சேவையை மீண்டும் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி நான் கூறவந்த வீரரைக் காண்போம். அவர் பெயர் எட்வர்ட் கார்ட்டர். 1916ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் கறுப்பினத்தைச் சேர்ந்த சமயப் பணியாளர். தாயார் இந்தியப் பெண்மணி. ஆதலால் அவருடைய இளமையின் ஒரு பகுதி நம் கல்கத்தாவில் கழிந்தது. பின்னர்க் குடும்பம் ஷாங்காய் சென்றது. அங்கே ஜப்பானியரை எதிர்த்த சீனப் படையில், வயதை மறைத்துச் சேர்ந்தார்; சிறுவன் என்பது தெரிந்ததும் விலக்கப்பட்டார். பிறகு ஸ்பெயின் நாட்டில் பாசிஸத்தை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் அணியில் போர் புரிந்தார். 1941இல் அமெரிக்கப் படையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் கறுப்பின வீரர்கள் பெரும்பாலும் சரக்கு ஏற்றவும் வண்டி ஓட்டவுமே பயன்படுத்தப்பட்டனர். 1944ஆம் ஆண்டின் இறுதியில் காலாட்படைக்கு ஆள் குறைந்தது. அப்போதுதான் அவர்களுள் விருப்பமுடையோர் போர்முனைக்கு அழைக்கப்பட்டனர். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெற்றிருந்த பதவியைத் துறக்க வேண்டும்! வெள்ளையருக்குக் கறுப்பர் ஆணையிடும் நிலை வந்துவிடக் கூடாதன்றோ? கார்ட்டர் தம் ஸ்டாஃப் ஸார்ஜெண்ட் பதவியை உதறிவிட்டுச் சாதாரணச் சிப்பாயாய்க் களம் புகுந்தார்.

1945 மார்ச் 23ஆம் நாள். ஜெர்மனியில் ஸ்பையர் நகருக்கு அருகே அவர் ஏறிச்சென்ற டாங்கியின் மீது ஒரு கிடங்கிலிருந்து குண்டுமாரி பொழிந்தது. மூவரை அழைத்துக்கொண்டு திறந்த வெளியைக் கடக்க முற்பட்டார் கார்ட்டர். இருவர் மாண்டனர், மூன்றாமவர் படுகாயமுற்றார். தனித்து முன்னேறிய கார்ட்டரை ஐந்து முறை குண்டுகள் தாக்கின. அவரைச் சிறைப்பிடிக்க வந்த பகைவர் எண்மருள் அறுவரை வீழ்த்தினார். எஞ்சிய இருவரைக் கைப்பற்றி, அவர்களையே மறைப்பாகக் கொண்டு மீண்டார். பகைவரின் நிலைகளைப் பற்றிய அரிய செய்திகள் அவ்விருவரிடமிருந்து கிடைத்தன. இச்செயலுக்காக அவருக்குச் சிறப்புச் சேவைச் சிலுவை அளிக்கப்பட்டது. அஃது அந்நாட்டின் இரண்டாம் நிலை வீரவிருது.

இத்தகைய வீரர் 1949இல் மீண்டும் படையில் பதிவு செய்துகொள்ளச் சென்றார். கதவு அடைக்கப்பட்டது. காரணம் கூறப்படவில்லை, குற்றமும் சாட்டப்படவில்லை. சீனத்திலும் ஸ்பெயினிலும் போர் புரிந்தவர் என்பதால், அவர் பொதுவுடைமைச் சார்புடையவரோ என்ற ஐயம் ஓர் இரகசியக் கோப்பில் ஏறியிருந்தது. அவர் பன்முறை முறையிட்டும் பயன் இல்லை. 1963இல், தம் 46ஆம் வயதில், அக்களங்கம் நீங்காமலே கண்மூடினார்.

இரண்டாம் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணி புரிந்தனர். அவர்களுள் ஒருவருக்கேனும் அக்காலத்தில் நாட்டின் முதல் விருதாகிய மாண்புப் பதக்கம் அளிக்கப்படவில்லை. இதன் காரணத்தை ஆராயும் பொறுப்பை 1993இல் இராணுவம் ஷா பல்கலைக்கழகத்தாரிடம் ஒப்படைத்தது. அவ்வாய்வின் பயனாகவும், 1996இல் காங்கிரஸ் காலவரம்பைத் தளர்த்தியதனாலும், 1997 ஜனவரி 13ஆம் நாள் ஜனாதிபதி கிளிண்டன் எழுவருக்கு அப்பதக்கத்தை வழங்கினார். அவர்களுள் உயிருடன் இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. கார்ட்டருக்குரியதை அவர் மகன் பெற்றுக்கொண்டார்.

கதை இத்துடன் முடிந்தது எனத் தோன்றும். கார்ட்டரின் மருமகள் அவ்வாறு எண்ணவில்லை. விருது வந்தது, ஆனால் 1949இல் இழைத்த அநீதி ஏட்டில் அப்படியே இருந்ததே! அவர் தகவல் உரிமைச் சட்டத்தின் துணையால் அந்த இரகசியக் கோப்பைப் பெற்றார். ஏடு ஏடாக ஆராய்ந்தார். ஐயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை வெளிப்படுத்தினார். 1999இல் ஜனாதிபதி கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். இராணுவமும் மன்னிப்புக் கேட்டு, திருத்திய பதிவேட்டைக் குடும்பத்தாரிடம் அளித்தது. அத்துடன் மூன்று பதக்கங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று நன்னடத்தைப் பதக்கம்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். நன்னடத்தைப் பதக்கம் 1941இல் ஏற்படுத்தப்பட்டது. அமைதிக் காலத்தில் மூன்று ஆண்டுகள் ஒழுங்காகவும் விசுவாசமாகவும் பணிபுரிந்த சிப்பாய் எவனும் பெறக்கூடியது. மாண்புப் பதக்கத்தின் முன் அஃது எம்மாத்திரம்? ஆயினும் கார்ட்டரின் வாழ்வில் அதுவே கனமானது என்று நான் கருதுகிறேன். மாண்புப் பதக்கம் ஒரு நாளின் வீரத்துக்குச் சான்று. அவ்வீரத்தை எவரும் மறுத்ததில்லை. மறுக்கப்பட்டது அவருடைய விசுவாசம். ‘இவன் நம்பத்தக்கவன், ஆண்டுக்கணக்கில் உண்மையாய் உழைத்தவன்’ என்று அரசின் ஏட்டில் சொல்ல வல்லது அந்தச் சிறிய பதக்கமே.

இறந்து 36 ஆண்டுகள் கழிந்த பின் ஓர் ஏட்டைத் திருத்துவதால் இறந்தவர்க்கு யாது பயன் என்று வினவலாம். இருப்போர்க்குப் பயன் உண்டு. பிள்ளைகள் தந்தையின் பெயரைக் கூச்சமின்றிச் சொல்லலாம். வரலாறு எழுதுவோர் கோப்பைத் திறந்தால், ஐயத்தின் அருகிலேயே அதன் மறுப்பையும் காண்பர். எல்லாவற்றிலும் மேலாக, தன் கையெழுத்தைத் தானே திருத்திக்கொள்ள ஓர் அரசுக்கு இயலும் என்பது நிலைபெறும். வீரனுக்குப் பதக்கம் சூட்டுதல் விழா. அவனது ஏட்டைச் செம்மை செய்தல் கடமை. விழாவை மறந்தாலும் பிழை இல்லை. கடமையை மறத்தல் ஆகாது.