எருமைத் தொழுவமும் தாய்மனமும்

தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். அங்கெழுந்த மகப்பேற்று மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அஃது உலக சாதனை. அன்றைய கவலை எண்ணிக்கை. 2009இல் அம்மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் மூவினத் தாய்மாரிடையே 'கஸ்டோ' ஆய்வைத் தொடங்கின. கருவுற்றபோது கவலை மிகுந்திருந்த தாயரின் குழந்தைகளுக்கு நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதி முதல் 6 மாதங்களில் மெதுவாக வளர்ந்ததென 2013இல் தெரியவந்தது.

இதற்கொரு வழியை எலிகள் முன்பே சுட்டியிருந்தன. தாய் நக்கிப் பேணாத குட்டிகளின் மூளையில், உளைச்சலைத் தணிக்க உதவும் மரபணுமீது மெத்தில் குறிகள் படிந்து அதனை அடக்கியதை 2004இல் மைக்கேல் மீனி குழுவினர் காட்டினர். பிறந்தவுடன் பரிவுள்ள தாயிடம் மாற்றிய குட்டிகளுக்கு அந்நிலை நேரவில்லை. எலி மனிதனன்று, எனினும் பிறப்பே விதியன்று என்பது தெளிவு. கருவுற்றவளின் கவலையைப் பகிர்வது வெறும் உபசாரமன்று. சேய்க்கும் செய்யும் உதவியாகும்.