கறுத்த மீனும் கரண்ட் இல்லாத நாட்களும்



2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பிரிஜ்ஜை நம்பி மீன் வாங்க ஏலாது. அந்த நாட்களில்தான் நிலாவெளியில் நாங்கள் அம்புல் தியல் ஆக்கப் பழகினோம்.

இது காலி, மாத்தறைப் பக்கத்துச் சாப்பாடு. சோளகக் காற்றில் தெற்கு, மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது அங்குள்ள மீனவர்கள் கிழக்கே வந்து வாடி போடுவது பழைய வழக்கம். நாங்கள் இதை முதலில் கண்டதும் வாடியில்தான்.

சூரை மீனைச் சதுரமாக வெட்டி, ஊறவைத்து அரைத்த கொறக்கா, மிளகுத்தூள், உப்புப் போட்டுப் பிரட்ட வேண்டும். மண்சட்டியின் அடியில் வாழையிலை. மேலே கறுவா, ரம்பை, கறிவேப்பிலை. தண்ணீர் வற்றும்வரை சிறு நெருப்பு. தேங்காய்ப்பால் கூடாது. புளிப்பும் வற்றலும் சேர்ந்தால் கிருமி இலேசில் வளராது. சில நாட்கள் கெடாது.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "அது அவங்கட சாப்பாடுதானே சேர்?"

இப்னு பதூதாவின் கதையைச் சொன்னோம். மாலைதீவில் காதியாக இருந்து 1344இல் இலங்கைக்கு வந்தவர். அங்கே மீனை அவித்து, புகையில் உலர்த்தி, இந்தியா, சீனா, யெமன் வரை அனுப்பியதை எழுதிவைத்தார். அதுதான் நம் வீட்டு மாசி. மாலைதீவிலிருந்து வந்த மாசியை "அவங்கட" என்று நாம் சொல்வதில்லையே!

மீன் கெடக்கூடாது என்ற கவலை எல்லாக் கரைக்கும் ஒன்றுதான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் சஹன் சோற்றின் நடுவில், வாழையிலைத் துண்டில், அந்தக் கறுத்த மீனை வைக்கிறோம். சட்டியில் மிஞ்சுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.